தட்டையான மண்ணில் மேடு எங்கே? பகோ, ஐராவதிப் பக்கத்துக் கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தர்மகர்த்தா ஐயாமார்களுக்கும், நிர்வாகக் குழு அண்ணன் தம்பிகளுக்கும், மாதர் குழு அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் பர்மாவில், பகோ வட்டாரத்து நியாங்லேபின் பக்கத்துக்காரன். முப்பது வருடமாகக் கட்டட வேலை. முதலில் கொத்தனாருக்குக் கலவை சுமந்தேன், அப்புறம் கரண்டி பிடித்தேன், இப்போது சின்ன அளவில் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். உங்களில் சிலருடைய கோயிலுக்கு மதில் கட்டியிருக்கிறேன், மடைப்பள்ளிக்குத் தளம் போட்டிருக்கிறேன். வெளியாள் யாரோ புத்தி சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் ஊர்கள் பலவற்றில் திருப்பணிப் பேச்சு நடக்கிறது. விரிசல் விட்டதைச் சரிசெய்யலாம், அப்படியே மண்டபத்தையும் பெரிதாக்கலாம் என்கிறார்கள். நல்ல காரியம். நான் போன மூன்று கூட்டங்களிலும் கோபுரம் எத்தனை நிலை, தரைக்கு என்ன டைல்ஸ், உபயதாரர் பெயரை எங்கே பொறிப்பது என்பதெல்லாம் மணிக்கணக்கில் பேசப்பட்டது. தரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுந்து கேட்டபோது, "இங்கே எல்லாம் ஒரே மட்டம்தானே தம்பி" என்றார் ஒரு பெரியவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் மண் ஒரே மட்டம் இல்லை. கண்ணுக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க ஒரு கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடிப்போமே, பார்த்திருப்பீர்கள். சில வருடங்களுக்கு முன் ஆற்றோரமாக இருக்கும் ஒரு கோயிலில் புது மண்டபத்துக்கு இடம் குறிக்கக் கூப்பிட்டார்கள். ஆற்றுப் பக்கம் வேண்டாம், வெள்ளம் வரும், பின்பக்கம் நந்தவனத்தில் கட்டலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். நானும் ஒரு பையனும் படித்துறை மேட்டில் ஒரு கட்டையை ஊன்றி அங்கிருந்து டியூபைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தோம். அறுபது அடிக்கு ஒரு குச்சி, அதில் படித்துறை மேட்டின் மட்டத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. முதல் குச்சியில் கோடு முழங்காலுக்குக் கீழே இருந்தது. போகப் போக ஏறிக்கொண்டே வந்தது. ஐந்தாவது குச்சியில் பையனுடைய மார்பைத் தொட்டது. முந்நூறு அடிக்குள் மூன்றே கால் அடி இறக்கம்! ஆற்றைவிட்டு விலகி விலகி நாங்கள் பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் ஆறு கரை மீறும்போது வேகம் குறைகிறது. கனமான மணலைக் கரையிலேயே போட்டுவிடுகிறது. மெல்லிய வண்டல் மட்டும் தண்ணீரோடு தூரம் போய்ப் படிகிறது. ஆயிரக்கணக்கான வருடங்கள் இப்படியே நடந்தால் கரை உயர்ந்துகொண்டே போகும், பின்நிலம் களிமண் கிண்ணமாகவே தங்கிவிடும். பழைய பர்மியக் கிராமங்களைப் பாருங்கள், ஆற்றங்கரையை ஒட்டி ஒரே வரிசையாக நீண்டிருக்கும். பொங்கி மடமும், அதாவது புத்த பிக்குகளின் மடமும், அந்த மேட்டில்தான் இருக்கும். நம் முன்னோர் பிற்பாடு வந்தவர்கள். 1852க்குப் பிறகு கீழ்ப் பர்மா முழுவதும் வெள்ளைக்காரன் கைக்குப் போய், காடும் சதுப்பும் வெட்டி நெல் வயலாக்கப்பட்ட காலத்தில் நாற்று நடவும் கதிர் அறுக்கவும் ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். மேட்டில் ஏற்கெனவே ஊர் இருந்தது. பல இடங்களில் நம் தெருவும் கோயிலும் பின்பக்கப் பள்ளத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். தரையோடு தரையாகத் திண்ணை வைத்துக் கட்டும் வீடு. பர்மியர் மரக்கால் நட்டு ஆளுயரத்துக்கு மேலே வீடு கட்டுகிறார்கள், தண்ணீர் அடியில் வந்து அடியிலேயே போகிறது. நாம் நூற்றைம்பது வருடமாகியும் மண் தரையை மெழுகிக் கோலம் போட்டுத்தான் வாழ்கிறோம். குறை சொல்லவில்லை, என் வீடும் அப்படித்தான். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு இந்த மண் ஒத்துவராது.

பகோ சமவெளியின் அமைப்பை ஒரு தடவை மனதில் போட்டுப் பாருங்கள். மேற்கே பகோ யோமா மலை, கிழக்கே ஷான் மேட்டுநிலம், நடுவில் சித்தாங் ஆறு ஓடும் நீளமான தட்டு. மே பாதியிலிருந்து அக்டோபர் வரை வருடத்து மழை ஏறக்குறைய முழுவதும் ஐந்து மாதத்தில் கொட்டுகிறது. யோமாவிலிருந்து இறங்கும் ஓடைகளுக்கு நீளம் குறைவு, மேலே பெய்தது சீக்கிரமே கீழே வந்துவிடும். வந்த வேகத்தில் போகத்தான் வழியில்லை. தெற்கே மர்த்தபான் வளைகுடாவில் கடல் ஏற்றம் இருபது அடியையும் தாண்டும். அமாவாசை, பௌர்ணமிக்குச் சித்தாங் முகத்தில் அலை சுவராக எழுந்து ஆற்றுக்குள் மேல்நோக்கி ஓடிவருவதைப் படகுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பகோ ஆறோ ரங்கூன் பக்கம் போய் அங்கேயும் கடல் ஏற்றத்தில் முட்டி நிற்கிறது. கடல் ஏறும்போது ஆறு காத்திருக்க வேண்டியதுதான். மலைப்பக்கத்து வெள்ளம் வரும், வடிந்துவிடும். நம் வெள்ளம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் தாத்தா வெள்ளத்தை "விருந்தாளி" என்பார். எப்போது வந்தது என்று கேட்கமாட்டார், எப்போது கிளம்புகிறது என்றுதான் கேட்பார்.

இதற்கு நடுவே ரயில்பாதையும் நெடுஞ்சாலையும் உயரமான கரை போட்டு வடக்கு தெற்காகப் போகின்றன. யோமாவிலிருந்து கிழக்கே வழிந்து போக வேண்டிய தண்ணீருக்கு அவை குறுக்குச் சுவர். அங்கங்கே விட்டிருக்கும் சிறுபாலங்களில் பாதி குப்பையாலும் ஆகாயத்தாமரையாலும் அடைபட்டுக் கிடக்கின்றன. நம் ஊர்க் கோயில்களை ஒட்டிய சிறுபாலங்கள் மட்டும் அடைபடாமல் இருக்கின்றனவா? திருவிழா முடிந்ததும் தென்னோலைப் பந்தலும் தெர்மோகோல் தட்டும் எங்கே போகின்றன என்று நமக்கே தெரியும்.

பகோ ஊர் உண்டான கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடல் நடுவே ஒரு சின்ன மேடு, ஒரு அன்னம் நிற்கத்தான் இடம். ஆண் அன்னம் நிற்க, பெண் அன்னம் அதன் முதுகில் ஏறி நின்றது. அந்த மேட்டில்தான் இன்று ஹிந்தாகோன் கோயில் இருக்கிறது என்கிறார்கள். நான் அதை நில அமைப்புச் சொன்ன கதையாகவும் பார்க்கிறேன். பகோ ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற துறைமுக நகரம். ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் தெற்கே தள்ளிப் போய்விட்டது. கால்வைக்க ஒரு மேடு கிடைத்தால் போதும், ஒருவர் முதுகில் ஒருவர் நின்றாவது பிழைத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தக் கதை. நம் ஊருக்கு அந்த மேடு எது? நம் மண்டபம்தான். அதைத்தான் பள்ளத்தில் கட்டப் பார்க்கிறோம்.

2023 அக்டோபரில் பகோ நகரில் ஒரே நாளில் ஏறக்குறைய 200 மி.மீ. மழை கொட்டியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த வாரம் என் மைத்துனர் குடும்பத்தைப் பார்க்கப் படகில் போனேன். அவர்கள் தெருக் கோயிலின் மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தரையில் கணுக்கால் தண்ணீர். பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு அதன் மேல் குழந்தைகளைப் படுக்கவைத்திருந்தார்கள். உற்சவர் வாகனத்தின் மேல் அரிசி மூட்டை. ஒரு ஆயா தூணைக் காட்டினார். நான்கு கோடுகள் கரியால் போட்டிருந்தன, ஒவ்வொரு காலையிலும் தண்ணீர் நின்ற அளவு. முதல் நாள் கோடும் நான்காம் நாள் கோடும் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. மழை நின்று மூன்று நாளாகியும் இரண்டு விரல்தான் இறங்கியிருக்கிறது. "இன்னும் ஒரு முழம் உசரமா கட்டியிருந்தா தரையிலேயே படுத்திருப்போம்ப்பா" என்றார். பிறகு தூணுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள், கோடு போய்விட்டது. எனக்கு அது தாங்கவில்லை. ஊருக்கு அதைவிட நல்ல கல்வெட்டு கிடைக்காது.

மழை மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்ட் 29 விடியற்காலை யெடாஷே பக்கம் சுவார் அணையின் வழிந்தோடி உடைந்தது. 85 கிராமங்கள் மூழ்கின. அறுபதாயிரம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள், ரங்கூன் மாந்தலே நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. தூங்கி எழுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மேட்டைத் தேடிக்கொண்டிருக்க நேரம் எங்கே?

ஐராவதிக் கழிமுகத்தில் இருப்பவர்களுக்கு நான் நர்கீஸ் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2008 மே 2. வழக்கமாக வடக்கே திரும்பும் புயல் நேர் கிழக்காக வந்து, கழிமுகத்தின் நீளத்துக்கும் அறுத்துக்கொண்டு போனது. லபுட்டா, போகலே பக்கம் 12 அடிக்குக் கடல் ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேர். காற்றைவிடத் தண்ணீர்தான் ஆளைக் கொன்றது. கடல் மட்டத்திலிருந்து சில அடியே உயரமுள்ள நிலத்தில், அலையை உள்வாங்க வேண்டிய அலையாத்திக் காடுகளை விறகுக்கும் நெல்லுக்கும் இறால் பண்ணைக்கும் அழித்த பிறகு, தண்ணீரைத் தடுக்க என்ன மிச்சம் இருந்தது? பிழைத்தவர்களில் பலர் பொங்கி மடத்திலும் பள்ளிக்கூடத்திலும் மேல்மாடிக்கு ஏறியவர்கள். மறுநாள் குடிக்கத் தண்ணீர் இல்லை, குளமெல்லாம் உப்பு. இதை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வருகிறேன்.

சரி, உயரமாகக் கட்டினால் போதுமா? போதாது. இந்த இடத்தில்தான் நான் என் தவறைச் சொல்லியாக வேண்டும்.

சமவெளி என்றால் பூமி அசையாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சகாயிங் பிளவு என்று நிலத்தடியில் ஒரு வெட்டு, வடக்கிலிருந்து மாந்தலே, தவுங்கூ வழியாக நம் சமவெளியின் நீளத்துக்கும் வந்து, பகோவுக்குப் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. அதன் இரண்டு பக்கமும் வருடத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வீதம் எதிரெதிரே நகரப் பார்க்கின்றன. நகர முடியாமல் பிடித்துவைத்த விசை ஒரு நாள் விட்டுப்போகும். 1930 மே 5 இரவு பகோவில் அப்படித்தான் விட்டது. ஷ்வேமவ்தாவ் பகோடா சரிந்தது, ஊரில் ஏறக்குறைய 500 பேர் இறந்தார்கள். அதே டிசம்பரில் பியூ பக்கம் இன்னொன்று. 2025 மார்ச் 28 மதியம் 7.7 அளவில் மாந்தலே பக்கம் தொடங்கி நானூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கு வரைக்கும் கிழிந்தது. பகோ நகரை ஒட்டிய துண்டு கடைசியாகப் பெரிதாக உடைந்தது அந்த 1930இல்தான். வருடத்துக்கு 2 செ.மீ. என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வண்டல் மண் அதிர்ச்சியைப் பாறையைவிடப் பெரிதாக்கித் தரும். தண்ணீர் ஊறிய மணல் அடியில் இருந்தால் குலுக்கலில் அது கஞ்சியாகிவிடும். மார்ச் நிலநடுக்கத்துக்கு மறுவாரம் பியூ பக்கம் அக்கா ஊருக்குப் போனேன். அறுத்த வயலில், அடித்தாள் நடுவே, இட்லி கவிழ்த்தது போலச் சின்னச் சின்ன மணல் குவியல்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் விரல் போகிற அளவு ஓட்டை. சாம்பல் நிற மணல், கையில் எடுத்தால் மாவு மாதிரி இருந்தது. மேலே இருக்கும் களிமண் வேறு நிறம். அந்த மணல் எத்தனை அடி கீழே இருந்து வந்ததோ! அதன் மேல்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம்.

2011இல் ஒரு கோயிலுக்கு நான் அன்னதான மண்டபம் கட்டிக் கொடுத்தேன். இடம் போதவில்லை என்று குளத்தின் ஒரு பக்கத்தைத் தூர்த்து, அதன் மேல் கடைக்கால் போட்டேன். மண்ணை லாரியில் கொட்டி ஒரு மழைக்கு விட்டோம், திமிசுக் கட்டையால் அடுக்கடுக்காக இடித்து இறுக்கவில்லை. பணம் குறைவு என்று லிண்டல் மட்டத்தில், அதாவது வாசல் ஜன்னல் தலைக்கு மேலே, சுவரைச் சுற்றி வரும் பெல்ட் கான்கிரீட்டை விட்டுவிட்டேன், வாசல் மேல் மட்டும் லிண்டல் வைத்தேன். போதாக்குறைக்கு மொட்டைமாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. மார்ச் 28 அன்று குளத்துப் பக்கச் சுவர் நாலு அங்குலம் இறங்கி, மூலையில் கை நுழைகிற அளவு பிளந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். அன்றைக்கு யாரோ ஒருவருடைய உபயம் தள்ளிப்போனதால் உள்ளே ஆள் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. குழுவினர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே போய் மன்னிப்புக் கேட்டேன், இடித்துக் கொடுத்தேன்.

ஆகவே நம் மண்டபம் இரண்டு சோதனைக்குப் பதில் சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. வெள்ளத்துக்கு உயரம் வேண்டும். நிலநடுக்கத்துக்குப் பாரம் மேலே இருக்கக் கூடாது. வெறும் தூண் நட்டு, கீழே காலியாக விட்டு, மேலே கனமான செங்கல் மண்டபம் கட்டினால் வெள்ளத்துக்குத் தப்பும், குலுக்கலில் தூண் மடிந்து உட்கார்ந்துவிடும். அதனால் எனக்குத் தெரிந்த நல்ல வழி, மண்டபத்தின் அடித்தளத்தையே உயர்த்துவது. ஊரில் பெரியவர்கள் கண்ட மிகப் பெரிய வெள்ளத்தின் கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் இரண்டு அடி. மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடிக்க வேண்டும். அதன் மேல் ஒற்றை மாடி, அடித்தளத்திலும் லிண்டலிலும் கூரை மட்டத்திலும் கம்பி வைத்துச் சுற்றி வரும் பெல்ட், மூலைக்கு மூலை கான்கிரீட் தூண், அவற்றை பெல்ட்டோடு பிணைத்த கம்பி. கூரை லேசான தகரம், காற்றுக்குப் பிய்த்துப் போகாமல் இரும்புச் சட்டத்தில் போல்ட். தண்ணீர்த் தொட்டி கூரையில் வேண்டாம், மண்டபத்துக்குப் பக்கத்தில் தனி மேடையில், மூடி போட்டு, மழைநீர் விழுகிற மாதிரி. நர்கீஸ் சமயத்தில் குளம் உப்பானதைச் சொன்னேனே, அதற்காக. கழிமுகத்தில் கடலுக்குப் பக்கமாக இருப்பவர்களுக்கு இது போதாது. அங்கே மாடி இல்லாமல் முடியாது. அதை என்னைப் போன்றவன் கட்டக் கூடாது, படித்த பொறியாளரிடம் கொடுங்கள். செலவு ஆகும். கோபுரத்தில் ஒரு நிலையைக் குறையுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

குளத்தைத் தூர்க்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பின்பொங்ஜி பக்கம் மோயின்ஜி ஏரியை 1878இல் தண்ணீர் தேக்கவென்றே அமைத்தார்கள். இன்று பறவை பார்க்க ஆட்கள் போகிறார்கள், ஆனால் மழைக்காலத்தில் அது சுற்றுவட்டாரத்து வெள்ளத்துக்கு மடி. நம் கோயில் குளமும் நம் தெருவுக்கு அப்படித்தான்.

கடைசியாகக் காசு செலவில்லாத ஒரு விஷயம். புயல் எச்சரிக்கை நிறங்களில் வருகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, பச்சை என்று. சிவப்பு என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கரை கடக்கும் என்று அர்த்தம். ஆற்றுக்கு அபாய மட்டம் அறிவிக்கிறார்கள். எல்லாம் பர்மிய மொழியில். நம் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். வயலில் இருக்கும் தாத்தாவுக்கும் வீட்டில் இருக்கும் ஆயாவுக்கும் பேச்சு பர்மியம் வரும், செய்தி பர்மியம் புரியாது. கோயிலில் ஒலிபெருக்கி இருக்கிறது. காலையில் சுப்ரபாதம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் அன்றைய எச்சரிக்கையைத் தமிழில் வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் ஆகாது. தூணில் வெள்ளக் கோட்டையும் அதே பிள்ளைகள் போடட்டும், வருடத்தையும் எழுதி. அடுத்த தடவை வெள்ளையடிக்கும்போது அந்தத் தூணை மட்டும் விட்டுவிடுங்கள்.

மழைக்கு முன், தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு வேலை கொஞ்சம் மந்தமாக இருக்கும். டியூப் என்னிடம் இருக்கிறது, பிடிக்க ஒரு பையன் போதும். உங்கள் ஊர்க் கோயில் வாசற்படியிலிருந்து ஆற்றுக்கும் ரயில்பாதைக்கும் குளத்துக்கும் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று ஒரு காலைக்குள் அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். கூலி வேண்டாம், ரயில் செலவும் நானே பார்த்துக்கொள்கிறேன். கடைக்கால் தோண்டுவதற்கு முன் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நியாங்லேபின் பக்கத்துக் கொத்தனார் ஒருவர்